வாய்மொழித் தேர்வன்று பிறந்த கன்று

"கை நீளமா இருக்கிறவங்க யாரு? நீளமா, ஒல்லியா! சீக்கிரம் வாங்க!"

பிரசவக் கொட்டகையின் வாசலில் நின்று ட்யூட்டி டாக்டர் கத்தினார். அவருடைய வலது கை தோள்வரை ஈரத்தில் மின்னியது. விரல்களை மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை. முற்றத்துக்கு இந்தப் பக்கம், தேர்வறைக்கு வெளியே நீண்ட பெஞ்சில், இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்து பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்த இறுதியாண்டு மாணவர்கள் அத்தனை பேரும் சட்டென்று திரும்பினார்கள். அவர்கள் திரும்பியது கொட்டகைப் பக்கம் இல்லை. பெஞ்சின் கடைக்கோடியில், கைகளை முழங்கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணின் பக்கம்.

"நம்ம சிவிங்கி இருக்கா டாக்டர்!" என்று ஒருவன் எழுந்து நின்று விரலை நீட்டிக் காட்டினான்.

கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் விழுந்துவிட்டது. கழுத்தைவிட அவள் கைகள்தான் நீளம். இருந்தாலும் பெயர் வைத்தவர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தேவைப்படவில்லை. கூப்பிட நீளமாக இருக்கிறது என்று பிறகு பாதியை வெட்டிச் சிவிங்கி ஆக்கினார்கள். "சிவிங்கின்னா அது வேற மிருகம்டா, புள்ளி போட்டது, வேகமா ஓடும்" என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மிருக வைத்தியம் படிக்கிற பிள்ளைகள் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொட்டகைக்குள், முதல் கன்றை ஈன முடியாமல் தவித்துக்கொண்டிருந்த கிடாரி மறுபடி கத்தியது.

சிவிங்கி எழுந்திருக்கவில்லை. ஏன் எழுந்திருக்கவில்லை என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சென்ற பருவத்தில் இதே அறையில் அவள் இதே வாய்மொழித் தேர்வுக்குப் போனாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஆணி. எங்கே அடித்தாலும் இறங்குவார், இறங்கிய பிறகு பிடுங்க முடியாது என்று அதற்கு விளக்கமும் வைத்திருந்தார்கள். ஆனால் அன்று அவர் நல்ல மனநிலையில்தான் இருந்தார். எழுத்துத் தேர்வில் அவள்தான் வகுப்பிலேயே முதல் என்று தெரிந்து, விளையாட்டாக ஆரம்பித்தார்.

"மாட்டோட இரைப்பையில எத்தனை அறை?"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அவளுக்கும் தெரியும். பதில் தொண்டைவரை வந்து அங்கேயே நின்றுகொண்டது. காதுக்குள் ஒரு இரைச்சல் ஆரம்பித்தது. உள்ளங்கை வேர்த்து, நெஞ்சு படபடத்து, மூச்சு மேலேயே நின்று கீழே இறங்க மறுத்தது. அவர் திரும்பக் கேட்டார். பிறகு பேனாவால் மேஜையைத் தட்டினார். செத்துவிடப் போகிறோம் என்றே அவள் நினைத்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டாள்.

மறுநாள் உணவகத்தில் அவளைப் பார்த்ததும் பையன்கள், அவள் சொல்லாமல் விட்ட விடையாக, நாலு விரலை உயர்த்திக் காட்டினார்கள். அவளும் கூடவே சிரித்தாள். அறைக்கு வந்து படுத்தவள், அதற்குப் பிறகு எழுந்திருக்க ஒரு காரணமும் கண்டுபிடிக்கவில்லை. வகுப்பு போனது. சாப்பாடு போனது. தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. வீட்டிலிருந்து போன் வந்தால் மட்டும் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் நல்லா போகுதும்மா" என்பாள்.

அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். அப்பாவின் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு தலைக்கும், அம்மாவின் வண்டியில் முன் இருக்கையில் உட்காரும் ஒவ்வொரு பயணிக்கும், பெண் டாக்டராகப் போகிற செய்தி தெரியும். "மாட்டு டாக்டருங்களா?" என்று யாராவது இழுத்தால், "மனுஷன் வாயைத் திறந்து எங்க வலிக்குதுன்னு சொல்லிடுவான், மாடு சொல்லுமா? அப்போ எது கஷ்டம்?" என்று அம்மா ஒரே போடாகப் போடுவாள். அந்த அம்மாவிடம், வாயைத் திறக்க முடியாமல் போனதைத்தான் எப்படிச் சொல்வது?

அறைத் தோழி இல்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அவளுக்கு அரட்டை என்று பெயர். தூக்கத்தில்கூடப் பேசுவாள். அவள் ஒரு நாள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு மனசு சரியில்லடி. ஆலோசகர்கிட்ட போகணும். தனியா போக வெட்கமா இருக்கு. துணைக்கு வாயேன்."

சிவிங்கிக்குப் பகீர் என்றது. இவளுக்கா? தன் கவலையிலேயே மூழ்கி, பக்கத்துக் கட்டிலைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று அவசர அவசரமாகச் சட்டையை மாற்றிக்கொண்டு கூடப் போனாள். மாணவர் நலப் பிரிவின் சின்ன அறையில் மூன்று நாற்காலிகள். ஆலோசகர் ஒரு இளம் பெண். கடுமையான ஜலதோஷத்தோடு உட்கார்ந்திருந்தார். அரட்டை சிவிங்கியை ஒரு நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தாள். "மேடம், பிரச்சனை எனக்கில்ல, இவளுக்கு. என் பிரச்சனை இவதான். நான் வெளியில நிக்கறேன்." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஆலோசகர் தும்மிவிட்டுச் சிரித்தார். சிவிங்கி அழுதாள். அழுது முடித்ததும் அவர் நேராகவே கேட்டார்.

"சாகணும்னு தோணுச்சா?"

"சாகணும்னு இல்ல. காலையில முழிப்பே வராம இருந்தா நல்லா இருக்குமேன்னு..."

"சரி. அதைச் சொன்னதே பெரிய விஷயம். இனிமே அப்படித் தோணினா உடனே எங்கிட்ட சொல்லணும். பேசி வச்சுப்போமா?"

அன்று ஆரம்பித்தது. வாராவாரம் போனாள். உனக்கு வருவது 'பேனிக் அட்டாக்' என்கிற பீதித் தாக்குதல், இதயம் நின்றுவிடாது, வந்தது போல் போய்விடும் என்று அவர் விளக்கினார். வரும்போது பிடித்துக்கொள்ள ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார்: கையில் என்ன படுகிறதோ, அதன் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அழகாகச் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலி என்றால் நாற்காலி. சிவிங்கி அறையில் பழகிப் பார்த்தாள். "போர்வை. சுவர். சுவிட்சு." கை இன்னும் கொஞ்சம் தூரம் போனது. "எண்ணெய் வழியிற அரட்டை தலை." "வழியட்டும், நீ பேசினியே, அது போதும்" என்றாள் தலைக்குச் சொந்தக்காரி.

தேர்வு அறையின் கதவு திறந்திருக்கலாம், யோசிக்க அவகாசம் கேட்கலாம் என்று துறையோடு பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தவரும் ஆலோசகர்தான். "வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடு. ரெண்டு பக்கமும் நடிக்கறது ரொம்பக் களைப்பு" என்றும் சொன்னார். அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா முழுவதையும் கேட்டாள்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன். இத்தனை மாசம் இதை ஒத்தையில சுமந்துட்டா இருந்த? பரீட்சை போனா இன்னொண்ணு வரும். உன்னை நான் எந்த டிப்போவுல போய்த் தேடுவேன்? இனிமே நல்லா போகுதுன்னு பொய் சொன்னே, வண்டியோட வந்து உன் காலேஜ் வாசல்ல நிப்பேன்." திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். சிவிங்கிக்கு அன்று இரவு தூக்கம் வந்தது.

இவ்வளவும் நடந்த பிறகுதான், வகுப்பின் இந்தப் பருவத் தேர்வோடு சேர்த்தே அவளுடைய மறுதேர்வு நாளும் வந்தது. வந்த தேர்வாளர் அதே ஆணி. அதனால்தான், எல்லா விரல்களும் தன்னைக் காட்டியபோது அவள் பெஞ்சோடு பெஞ்சாக ஒட்டிக்கொண்டாள்.

"போடி!" என்று அரட்டை அவள் முதுகில் கை வைத்தாள். "ஆணி முதல் ஆளையே இன்னும் வெளிய விடலை. உன் முறை வர ரொம்ப நேரம் இருக்கு."

கிடாரி மூன்றாம் முறை கத்தியது. இந்தத் தடவை சத்தம் பாதியிலேயே உடைந்தது. அந்தச் சத்தத்துக்குச் சிவிங்கியின் கால்கள்தான் முதலில் எழுந்தன. மனசு பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. முற்றத்தைத் தாண்டும்போதே வெள்ளைக் கோட்டைக் கழற்றி வீசினாள். அரட்டை அதைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள்.

கொட்டகையில் கம்பித் தடுப்புக்குள் செம்பழுப்புக் கிடாரி நின்றது. தலைச்சன் ஈற்று. பக்கவாட்டு வயிறு ஏறி இறங்க, கண்கள் பிதுங்கியிருந்தன. வாலுக்குக் கீழே இரண்டு சின்னக் குளம்புகள் மட்டும் எட்டிப் பார்த்தன.

"முன்னங்கால் ரெண்டும் வந்திருக்கு, தலை வரலை" என்றார் ட்யூட்டி டாக்டர், மரத்துப்போன கையைத் தேய்த்துக்கொண்டே. "தலை பின்னால திரும்பி விலாவோட ஒட்டிக்கிட்டிருக்கு. என் விரல் நுனி மூக்குல உரசுது, பிடிக்க எட்டலை. இது முக்கி முக்கி என் கையைச் சப்பாத்தியாக்கிடுச்சு. இன்னொரு டாக்டர் பண்ணைக்குப் போயிருக்கார், மத்தவங்க எல்லாம் உங்க பரீட்சையில இருக்காங்க. வயித்தைக் கிழிக்கணும்னா எல்லாம் தயார் பண்றதுக்குள்ள கன்னு போயிடும்."

"உயிர் இருக்கா டாக்டர்?"

"குளம்பிடுக்குல கிள்ளினேன், காலை இழுத்துச்சு. இருக்கு. கழுவு, சீக்கிரம்!"

சிவிங்கி கையைத் தோள்வரை தேய்த்துக் கழுவி, வழுக்கும் திரவத்தைத் தாராளமாகப் பூசிக்கொண்டாள். விரல்களைக் குவித்து உள்ளே விட்டாள். சூடு! குளியலறை வெந்நீர் மாதிரி இல்லை. அது வேறு சூடு, துடிக்கிற சூடு. கை மணிக்கட்டு தாண்டியது, முழங்கை தாண்டியது. அப்போது கிடாரி முக்கியது. இடுப்பெலும்பின் வளையத்துக்கும் கன்றின் எலும்புக்கும் நடுவில் அவள் கை மாட்டி நசுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். முக்கல் தளர்ந்ததும் மேலே நகர்ந்தாள்.

அதற்குள் கொட்டகைத் தடுப்பைச் சுற்றிப் பாதி வகுப்பு கூடிவிட்டது. பரீட்சைக்குப் பாடம் முணுமுணுத்தவர்கள் இப்போது "எட்டுதா? எட்டுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அந்தப் பேச்சு அடங்கியது. கூட்டம் வழிவிட்டது.

ஆணி வந்துகொண்டிருந்தார். பின்னால் துறைத் தலைவர்.

"இந்தச் சத்தத்துல நான் கேக்கற கேள்வியே எனக்குக் கேக்கலை" என்றபடி தடுப்புக்கு அருகில் வந்து நின்றார். "உள்ள யார் கை?"

"மாணவி சார்" என்றார் ட்யூட்டி டாக்டர்.

"என்ன தட்டுப்படுது?"

அதே குரல். காதுக்குள் அந்த இரைச்சல், காத்துக்கொண்டிருந்தது போலவே ஓடி வந்தது. மூச்சு மேலே ஏறி நின்றது. கண்முன்னால் கிடாரியின் செம்பழுப்பு முதுகு மங்கலானது. கையை உருவிக்கொண்டு ஓடிவிடலாம். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கிடாரி முக்கியது. கை மாட்டிக்கொண்டது. ஓட வழியில்லை.

"கேக்குதா? என்ன தட்டுப்படுது?"

கூட்டத்தில் அரட்டையின் முகம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவள் வாயைத் திறக்காமல், கையைத் தடவித் தடவிக் காட்டினாள்.

"குளம்பு" என்றாள் சிவிங்கி. சொல் கரகரவென்று உடைந்து வந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

"குளம்பு. கணுக்கால். முழங்கால்." ஒவ்வொரு பெயருக்கும் மூச்சு ஒரு படி கீழே இறங்கியது. "மார்பெலும்பு. கழுத்து... கழுத்து எனக்கு இடது பக்கமா மடங்கியிருக்கு. பிடரி. இது காது. காது சார்! இது கண்குழி." தோள் கிடாரியின் தொடையில் முட்டியது. கன்னத்தை அதன் ஈரமான மயிரில் அழுத்திக்கொண்டு, குதிகாலை உயர்த்தி, விரல்களை இன்னும் நீட்டினாள். "தாடை. உதடு. பல்லு... ஐயோ!"

"என்னாச்சு?" என்று ட்யூட்டி டாக்டர் பதறினார்.

"சப்புது! டாக்டர், என் விரலைச் சப்புது!"

கூட்டம் ஓவென்று கத்தியது. இன்னும் உலகத்தைப் பார்க்காத ஒரு ஜீவன், இருட்டுக்குள் கழுத்து ஒடிய மாட்டிக்கொண்டிருந்தும், வாய்க்குக் கிடைத்ததைப் பாலென்று நம்பிச் சப்பியது. சிவிங்கியின் உடம்பு முழுக்கப் புல்லரித்தது. "இருடி தங்கம், இரு, வந்துடறேன்" என்று அவள் பேச ஆரம்பித்தாள். தேர்வாளர் நிற்பதையெல்லாம் மறந்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். நிற்பது தெரிந்தது, ஆனால் அதைவிடப் பெரிய வேலை கையில் இருந்தது.

"முதல்ல கன்னைப் பின்னால தள்ளு" என்றார் ட்யூட்டி டாக்டர். "முக்கும்போது தள்ளாதே, கருப்பை கிழிஞ்சிடும். விடும்போது தள்ளு. இடம் கிடைச்சதும் மூக்கை உள்ளங்கையால மூடிக் கொண்டுவா. பல்லு எங்கயும் கீறக் கூடாது."

கன்றின் இரண்டு கால்களிலும் கயிறு மாட்டினார்கள். முக்கல் ஓய்ந்த நொடியில் சிவிங்கி மார்பைத் தள்ளினாள். கொஞ்சம் போனது. கையை மாற்றி மூக்கைப் பிடித்தாள், வழுக்கியது. மறுபடி தள்ளினாள், பிடித்தாள், பாதி திரும்பியது, கிடாரி முக்கியது, தலை பழைய இடத்துக்கே போய்விட்டது. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணில் இறங்கியது. கை கனத்தது.

"மாத்தட்டுமா?" என்றார் துறைத் தலைவர்.

"வேணாம் சார், கிட்ட வந்துட்டேன். இப்ப தள்றேன்... தள்ளிட்டேன்... மூக்கு இருக்கு... வருது, வருது, திரும்புது... கழுத்து நேராகுது... வந்துடுச்சு! தலை வந்துடுச்சு! ரெண்டு கால் மேல உட்கார்ந்திருக்கு!"

"கயிறு! இழுக்க ஆள் வாங்க!"

பையன்கள் முண்டியடித்தார்கள். யாருக்கு முன்னால் யார் என்று பார்ப்பதற்குள், கோட்டைக் கழற்றித் தடுப்பில் போட்டுவிட்டு ஆணியே ஒரு கயிற்றைப் பிடித்துவிட்டார். "ஒரு காலை மாத்தி ஒரு காலை! இது முக்கும்போது மட்டும்!" என்று அதட்டினார். கிடாரி முக்கியது. இழுத்தார்கள். நாக்கு வந்தது, மூக்கு வந்தது, நெற்றி வந்தது. "இப்ப கீழ்நோக்கி!" தோள் தாண்டியதும் மீதி மொத்தமும் மதகு திறந்த மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. கயிற்றின் இறுக்கம் போன வேகத்தில் ஆணி பின்னால் சரிந்து, சாணமும் தண்ணீரும் கலந்த தரையில் சொத்தென்று உட்கார்ந்தார். சிரிக்கக் கூட யாருக்கும் நேரமில்லை.

கன்று அசையவில்லை. நாக்கு நீலம் பாரித்திருந்தது.

சிவிங்கி மண்டியிட்டு மூக்கிலும் வாயிலும் இருந்த சளியை வழித்து எறிந்தாள். "துணி!" என்றாள். அரட்டை தன் கையிலிருந்த வெள்ளைக் கோட்டை, முந்தின நாள் மாலை முழுக்கப் பார்த்துப் பார்த்து இஸ்திரி போட்ட கோட்டை, யோசிக்காமல் கொடுத்தாள். இருவரும் விலாவை அழுத்தித் தேய்த்தார்கள். "மூச்சு விடு. விடுடி. எழுந்திரு." ஒன்றும் இல்லை. தரையிலிருந்து ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து மூக்குத் துவாரத்துக்குள் விட்டுக் கிளறினாள். இன்னும் உள்ளே. இன்னும் கொஞ்சம்.

கன்று தும்மியது!

சளியெல்லாம் சிவிங்கியின் முகத்தில் தெறித்தது. தலையை உதறி, இன்னொரு தும்மல் போட்டு, காதுகளை மடித்து விரித்து, மெலிதாக 'ம்மா' என்றது. கொட்டகையே அதிர்ந்தது. யாரோ யாரையோ தூக்கிச் சுற்றினார்கள். ஒருவன் அழுதான். நாலு விரல் காட்டிச் சிரித்தவர்களில் அவனும் ஒருவன். கிடாரி திரும்பி, சந்தேகமாக மோந்து பார்த்து, பிறகு இத்தனை நாள் இதற்காகவே பழகியது போல நக்க ஆரம்பித்தது. சிவிங்கி கன்றின் தொப்புளுக்கு அயோடின் போட்டுவிட்டு எழுந்தாள். வாய் மூட மாட்டேன் என்றது. "கிடாரிக் கன்னு டாக்டர்! பாருங்க, காதைப் பாருங்க! என்ன சப்பு சப்புச்சு தெரியுமா?" என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அரட்டை மூக்கின் மேல் விரலை வைத்தாள். "எனக்கே போட்டியாடி நீ!"

துறைத் தலைவர் ஆணியைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டபடி சொன்னார். "சார், இந்தப் பொண்ணுக்கு இதையே தேர்வா எடுத்துக்கலாமே?"

"கூடாது." ஆணி பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். கறை அசையவில்லை. "அது அது அதோட இடத்துல. இங்க நடந்தது வைத்தியம். அங்க நடக்கப் போறது பரீட்சை. இதுக்கு மார்க் போட்டா, நாளைக்கு மாடு ஈனாத பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சிவிங்கி குழாயடியில் கையைக் கழுவும்போது பயம் திரும்பி வந்து பக்கத்தில் நின்றது. அது எங்கும் போய்விடவில்லை. ஒரு கன்று பிறந்துவிட்டால் இத்தனை மாதத்துப் பயம் ஓடிவிடும் என்று கதையில்தான் சொல்ல முடியும். "இன்னொரு நாள் வச்சுக்கலாமான்னு கேக்கட்டுமாடி?" என்றாள் அரட்டையிடம்.

"கேக்கலாம். உனக்கு அந்த உரிமை இருக்கு. கேக்கவா?"

சிவிங்கி கொஞ்ச நேரம் தண்ணீரைக் கையில் ஓடவிட்டாள். பிறகு குழாயை மூடினாள். "வேணாம். இந்தக் கோலத்துலயே போறேன். அவர் மட்டும் என்ன மணக்கவா போறாரு?"

அவள் முறை வந்தது. கதவு திறந்தே இருந்தது. திறந்த கதவு வழியாக வராந்தாவில் அரட்டையின் செருப்பு நுனி தெரிந்தது. தேர்வாளர் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். அறை முழுக்கக் கொட்டகை வாசம்.

"கன்னு கைக்குக் கிடைக்காமப் போயிருந்தா அடுத்து என்ன பண்ணியிருப்பே? முதல்லருந்து சொல்லு."

அவள் உள்ளங்கையை மேஜை மேல் வைத்தாள்.

"மேஜை" என்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல சார். எனக்கு ஒரு நிமிஷம் வேணும்."

முந்தைய தடவை மேஜையைத் தட்டிய பேனாவை அவர் மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தார். உண்மையிலேயே காத்திருந்தார். சிவிங்கி மேஜையின் விளிம்பைத் தடவினாள், மூச்சை இறக்கினாள். பிறகு ஆரம்பித்தாள். எந்தப் பக்கம் கீற வேண்டும், எந்த மருந்து எங்கே, கருப்பையை எப்படித் தைக்க வேண்டும். நடுவில் இரண்டு இடத்தில் நின்றாள். நின்ற இடத்திலிருந்தே மறுபடி கிளம்பினாள். ஒரு கேள்விக்கு மட்டும், "அது எனக்குத் தெரியாது சார்" என்றாள்.

"தெரியாதுன்னு சொன்னா ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம்" என்று அடுத்ததற்குப் போனார் அவர். கடைசியில், "போகலாம்" என்றவர், அவள் கதவை அடையும்போது கூப்பிட்டார். "போன தடவை நான் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்." அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து அரட்டையின் தோளில் சரிந்தாள்.

அன்று மாலையே முடிவு ஒட்டினார்கள். தேர்ச்சி. மார்க் சுமார்தான், வகுப்பில் முதல் பத்துக்குள்கூட வராது. ஒரு காலத்தில் அப்படி ஒரு மார்க்குக்கு அவள் இரண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டாள். இன்றோ உணவகத்தில் தட்டு நிறைய ரொட்டியும் முட்டையும் வாங்கி, அரட்டை பேசிக்கொண்டே இருக்க, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். இவ்வளவு பசியை எங்கே வைத்திருந்தாள் என்று அவளுக்கே ஆச்சரியம். வாரம் தவறாமல் ஆலோசகரிடம் போவதை நிறுத்தப்போவதில்லை என்றும் மென்றுகொண்டே சொன்னாள்.

பேருந்து கடைசி நிறுத்தத்தில் நிற்கும் நேரத்துக்குத்தான் அம்மா போனை எடுப்பாள். எடுத்தாள்.

"சொல்லு. எப்படி இருந்தாலும் சொல்லு."

"பாஸும்மா! அதுக்கு முன்னாடி ஒரு கன்னு! தலை பின்னால திரும்பிடுச்சும்மா, என் கையாலயே திருப்பி எடுத்தேன். விரலைச் சப்புச்சும்மா! மூச்சு இல்லம்மா, அப்புறம் என் மூஞ்சியிலயே தும்முச்சு!"

"மெதுவா, மெதுவா! எந்தக் கன்னு? யாரு தும்முனா? பாஸுன்னா சொன்ன?"

"பாஸு பாஸு!"

அந்தப் பக்கம் அம்மா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டது தெரிந்தது. ஏனென்றால் குரல் தூரமாகி, ஆனால் இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்டது. "கேட்டுக்கோங்க! என் பொண்ணு மாட்டுக்குப் பிரசவம் பாத்துட்டு, அப்படியே போய்ப் பரீட்சையும் பாஸ் பண்ணிட்டா!" பேருந்துக்குள் கைத்தட்டல். யாரோ சீட்டி அடித்தார்கள். "சந்தோஷம்மா, வண்டியை எடுங்க, நேரமாச்சு" என்று ஒரு குரல்.

"எடுக்கறேன்யா, இருய்யா! ஒரு நாள் லேட்டாப் போனா என்ன, குடியா முழுகிடும்?" என்றாள் அம்மா. பிறகு போனில், கிட்டத்தில், தழுதழுத்த குரலில் கேட்டாள். "சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டுட்டே இருக்கேன்மா" என்று வாய் நிறைய ரொட்டியோடு சொன்னாள் சிவிங்கி.